தீப்பெட்டிக்குள் இரண்டு செவிக்கற்கள்

என் பீரோவில், சான்றிதழ்களுக்கு அடியில் ஒரு பழைய தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு இரண்டு வெள்ளைக் கற்கள். கத்தாளை மீனின் தலைக்குள்ளிருந்து எடுத்த செவிக்கற்கள். மதுரையில் ஆய்வு உதவியாளராக இருந்த கடைசி நாளில், கூட வேலை பார்த்த அக்கா கொடுத்தவை. "நீ வாக்கப்பட்டுப் போற ஊரு தீப்பெட்டியிலயே போட்டுத் தாரேன், வச்சுக்க" என்று சிரித்தார்.

அக்கா காரியாபட்டிக்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நாங்கள் பார்த்தது ஜீப்ரா மீன் குஞ்சுகளின் காதை. மீனுக்கு வெளிக்காது கிடையாது. முட்டைக்குள் ஒரு நாள் வளர்ந்ததுமே கண்ணுக்குப் பின்னால், பக்கத்துக்கு இரண்டாகச் சிறு மணிகள் மின்னும், அவைதான் செவிக்கற்கள். கல் இருந்தால் மட்டும் போதாது, அதன் அடியிலுள்ள மெல்லிய மயிரணுக்களும் வேலை செய்ய வேண்டும். ஐந்தாம் நாள் குஞ்சுகளைக் கண்ணாடித் தட்டில் விட்டு, 'டப்' என்று ஓர் ஒலி கொடுப்போம். கேட்கிற குஞ்சு வில்லாக வளைந்து பாயும். சில சும்மா கிடக்கும். அவற்றைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

"தூங்குதோ என்னமோக்கா, இன்னொருக்கா பாப்பமா?"

"ஏ புள்ள, நீ என்ன மீனுக்கு வக்கீலா? அசையலைன்னா அசையலைன்னு எழுது. காரணத்தப் பெறகு தேடுவோம்."

கல்யாணமாகி, பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன விஸ்வநத்தம் வந்தேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள பொட்டலில், பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். ஜன்னல் அதிரும். பிறந்து சில வாரமே ஆன என் மகன் இமைகூட அசையாமல் உறங்குவான். இந்த ஊரில் அது பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சந்தேகம் வந்த நாட்களில், கதவை அறைந்தால் திரும்புகிறானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காது கேளாத குஞ்சும் தண்ணீரின் அசைவை உடம்பால் உணரும் என்று பரீட்சையில் எழுதியவள் நான்.

மகனுக்கு நான்காம் மாதம், அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பொட்டலில் வெடித்தது. அக்கா தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். மகன் தூங்கினான்.

"பாத்தீகளா எம் பேரன!" என்றார் என் மாமியார். "வயித்துல இருக்கயிலயே கேட்டுப் பழகுன காது. எம்புட்டு வெடிச்சாலும் அசர மாட்டான்."

அக்கா என்னைப் பார்த்தார். "ஒருக்கா காது டாக்டர்ட்ட காட்டிரு புள்ள."

"மீனப் பாத்த கண்ணால எம் பேரனப் பாக்காதீக" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். "தூங்குறான்க்கா, அம்புட்டுத்தான்" என்றேன். அக்கா காப்பியைத் தொடாமல் கிளம்பினார். அவருக்கு நான் போன் செய்யவில்லை. கேட்பாரே என்ற பயம்.

பதினான்காம் மாதமும் ஒரு சொல் வராததால் மதுரைக்குப் போனோம். இரண்டு காதிலும் கடுமையான குறை. இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பதிலை மாமியார் பஸ்ஸில் வைத்துச் சொன்னார்: "நான் படிக்காதவ. மீன் காதெல்லாம் படிச்சவளுக்குத் தெரியாமப் போச்சாக்கும்?"

இப்போது மகன் காதில் மெஷின் இருக்கிறது. எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்று தினமும் நோட்டில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் பார்த்துத்தான், காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனை முடிவு செய்வார்களாம். இன்று காலை தீப்பெட்டியை எடுத்து, அவன் தலைக்குப் பின்னால் வைத்துக் குலுக்கினேன். கற்கள் கடகடவென்றன. அவன் பொம்மையின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். விளையாட்டு மும்முரம் என்று மனசு வாதாடத் தொடங்கியது. மறுபடி குலுக்கினேன். என் வளைக்கையின் நிழல் தரையில் ஆட, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். 'திரும்பினான்' என்று எழுத எவ்வளவு ஆசையாக இருந்தது.

தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுதினேன்: அசையவில்லை.