மூச்சைப் பிடிங்க

சத்தியமாக நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன? என் அண்ணி பொய் சொல்கிற ஆள் இல்லை. யாரையும் லேசில் நம்புகிற ஆளும் இல்லை. தண்ணீர் கொதிக்கிறது என்றால்கூட மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

அண்ணிக்குத் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வந்தவர் தலையிலும் தாடையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டித் தூங்கவைத்துவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து திரையில் ஓடும் கோடுகளைப் பார்க்க வேண்டும். அன்று வந்தவர் ராத்திரி லாரி ஓட்டுகிறவர். அதனால் பகலிலேயே பரிசோதனை. தூக்கம் சரியென்று டாக்டர் சொன்னால்தான் மறுபடி அவர் கைக்கு வண்டி வரும்.

தூங்கும் முன் மைக்கில் அண்ணி வழக்கமான பாடத்தை ஒப்பித்தார். இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க. கண்ணைச் சிமிட்டுங்க. மூச்சைப் பிடிங்க... விடுங்க. ஒயர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கத்தான் இதெல்லாம்.

டிரைவர் தூங்கிப்போனார். இரண்டரை மணிக்குக் கனவு தொடங்கியது. கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதே என்று மூளை அப்போது உடம்பைக் கட்டிப்போட்டுவிடும். கண்ணையும் மூச்சையும் மட்டும் விட்டுவைக்கும்.

கண் கோடு அசைந்தது. இடது. வலது. இடது. வலது.

ஆசாமி தூங்காமல் நாடகம் போடுகிறாரோ? ஆனால் மூளைக் கோடு கனவு என்றது. தாடைத் தசையின் கோடு துவண்டு கிடந்தது. அதை யாராலும் நடிக்க முடியாது. அண்ணி மைக்கைப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது.

சிமிட்டல். ஒன்று... இன்னொன்று...

அடுத்தது என்னவென்று அண்ணிக்குத் தெரியும்.

மூச்சுக் கோடு நின்றது.

நிற்கிறது...

இன்னும்...

மைக்கை அமுக்கிக் கத்தினார். "விடுங்க! மூச்சை விடுங்க!"

டிரைவர் பெருமூச்சோடு எழுந்து உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏம்மா இவ்வளவு நேரம்? அந்த அண்ணன் பிடிங்கன்னு சொல்லிட்டு சும்மா நின்னுட்டாரு."

"எந்த அண்ணன்? இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்."

"மைக்ல இல்லம்மா. காதுகிட்ட."

விஷயத்தைக் கேட்டு டாக்டர் சிரித்தார். "தூக்கத்துல மூச்சு நிக்கிறது சகஜம்மா, போய் வேலையைப் பாரு." அண்ணி விடவில்லை. போன மாதம் அதே கட்டிலில் தூக்கத்திலேயே போய்விட்ட ஒருவரின் பதிவைத் திறந்தார். மாரடைப்பு என்று முடித்திருந்தார்கள். கடைசியில் இடது, வலது. பிறகு சிமிட்டல். அன்று திரை முன்னால் இருந்த பெண், கூட வேலை செய்பவர்தான் உள்ளே போய் ஒயரைச் சோதிக்கிறார் என்று நினைத்து டீ குடிக்கப் போய்விட்டாளாம்.

மூச்சைப் பிடித்த இடம் அதில் இருக்கிறது. விட்ட இடம் இல்லை.