நெல்லியடியில் ஒரு துளிக்கணக்கு

வடமராட்சிப் பக்கம் போகப் போகிறோம், பஸ் நேரம் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதுகிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்த வழியை நான் நன்றாகத் தெரிந்துகொண்டது 1986ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமையில். அந்த நாளை விட்டுவிட்டு வழி மட்டும் சொல்ல எனக்கு வராது. போன காரணத்தையும் மறைக்கப் போவதில்லை. பொறாமை.

அப்போது நான் பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தாதி. சேலைன் ஏற்றும்போது நிமிடத்துக்கு எத்தனை துளி விழவேண்டும் என்று மனத்தாலேயே கணக்குச் செய்வேன். அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. துளிக்கணக்கைப் பிளாஸ்டர் துண்டில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுவோம். ஒட்டிய கணக்கை அடுத்த முறை வேலைக்கு வருகிறவள் திரும்பப் பார்க்கமாட்டாள். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இருந்துகூட ஆள் அனுப்பி என்னிடம் கணக்குக் கேட்பார்கள். மாதம் ஒரு தடவை கரும்பலகை வைத்து இளம் தாதியருக்கு வகுப்பும் எடுத்தேன். 'கணக்கு மிஸ்ஸி' என்றால் நான்தான்.

அந்த நேரம் பார்த்து மலரின் கடிதம் வந்தது. தாதிப் பயிற்சியில் என்னோடு ஒரே மேசையில் இருந்தவள். கணக்குப் பரீட்சையில் என் தாளை எட்டிப் பார்த்துத்தான் பாஸ் பண்ணினாள். பிறகு லண்டனில் அண்ணை வீட்டில் இரண்டு வருடம் இருந்து, அங்கே குழந்தைகள் வார்ட்டில் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். "எடி புனிதம், எங்கடை ரியூட்டரிக்கு ஒரு கொம்பியூட்டர் கொண்டந்திருக்கிறன். உன்ரை துளிக்கணக்கை அது கண் மூடி முழிக்க முன்னம் செய்யுது. சனிக்கிழமை வகுப்பு, கட்டாயம் வா" என்று எழுதியிருந்தாள். நெல்லியடியில் அவள் படிப்பித்த ரியூசன் வகுப்புத்தான் அந்த ரியூட்டரி. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் வயிறு எரிந்தது.

இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது. எங்கள் வலிகாமத்துக்கும் மலரின் வடமராட்சிக்கும் சேர்த்துத் தாதியருக்குக் கணக்கு வகுப்பு எடுக்க ஒரே ஒருவரை வைக்கப்போகிறார்களாம். அதைத் தீர்மானிக்கிற பெரிய டொக்டர் அன்று இரண்டு மணிக்கு மலரின் வகுப்பைப் பார்க்க வருகிறாராம். போகாமல் விடுவேனா?

காலை ஆறே காலுக்குப் பண்டத்தரிப்பில் பஸ் எடுத்தேன். சண்டிலிப்பாய், மானிப்பாய் வழியாக யாழ்ப்பாணம் ஒன்பது மைல், இரண்டே கால் ரூபா. ஏழரைக்குப் பருத்தித்துறை பஸ். நெல்லியடிக்குப் பதினேழு மைல், ஐந்து ரூபா. புத்தூர் வரை நின்றுகொண்டு போனேன். வல்லை வெளியில் காற்று ஜன்னலால் அடித்துச் சேலைத் தலைப்பை முன்னால் இருந்தவரின் முகத்தில் போட்டது. அவர் கோபிக்கவில்லை. எனக்குத்தான் எல்லோரிலும் கோபம்.

ஒன்பதே காலுக்கு நெல்லியடிச் சந்தை. தேநீரும் வடையும் முடித்துக்கொண்டு ரியூட்டரிக்கு நடந்தேன். ஓலைக் கொட்டில்தான். முன்னால் ஒரு சின்ன ரிவி, அதோடு கொழுவிய எழுத்துப் பலகை, பக்கத்தில் ஒரு கசற் ரெக்கோடர். கசற்றைப் போட்டால் ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தும். பிறகுதான் ரிவியில் எழுத்து வரும். பன்னிரண்டு தாதியர் வாங்கில்களில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். மலர் மெலிந்து போயிருந்தாள். "களைச்சுப் போனியே மலர்?" என்று அன்பாகக் கேட்டேன். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

உண்மையைச் சொல்லவேண்டும், அது நல்ல வகுப்பு. இயந்திரம் கேள்வி கேட்கும், பிழையாகச் சொன்னால் இன்னொரு தரம் கேட்கும். முகம் சுளிக்காது. என் கரும்பலகைக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளைகள் அதன் முன்னால் ஆறு தரம் பிழை விட்டுச் சிரித்தார்கள். ஏழாந்தரம் சரியாகச் சொன்னார்கள். இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கில் பயமில்லை, என்னில்தான் பயம் என்று அங்கே இருந்துதான் கண்டேன். ஒரு பெட்டியில் பொறாமைப்படுவது பெரிய வெட்கக்கேடு. நான் பட்டேன்.

பதினொன்றே காலுக்குத் தெரேசா எழும்பினாள். குருநகர்ப் பிள்ளை. தொண்டைமானாற்றில் ஒரு சின்ன வைத்தியசாலைக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை.

"அக்கா, எங்கடை வார்ட்டிலை ஒரு குழந்தை, மூண்டு மாசம், சளிக்காய்ச்சல். இண்டைக்குப் பின்னேரம் அறுபது சிசி, நாலு மணித்தியாலத்திலை ஏத்தச் சொல்லியிருக்கினம். அதைப் போட்டுப் பாக்கலாமே?"

மலர் தட்டினாள். பதினைந்து என்று வந்தது. தெரேசா பையில் இருந்து பிளாஸ்டர் எடுத்து, 15 என்று எழுதித் தன் மணிக்கூட்டுப் பட்டியில் ஒட்டிக்கொண்டாள்.

எனக்கு உடனே பிழை தெரிந்துவிட்டது. லண்டனில் குழந்தைகளுக்கென்று தனிக் குழாய் உண்டு. அதில் ஒரு சிசிக்கு அறுபது பொடித் துளி. அந்தப் பழக்கத்தில் மலர் குழந்தைக் கணக்குக்கு அறுபதை இயந்திரத்துக்குள் நிரந்தரமாக வைத்துவிட்டாள். எங்கள் ஊரில் பெரியவருக்கும் பிள்ளைக்கும் ஒரே குழாய்தான், சிசிக்கு இருபது துளி. தெரேசாவின் குழந்தைக்கு விழவேண்டியது நிமிடத்துக்கு ஐந்து. பதினைந்து விழுந்தால் நாலு மணித்தியாலத் தண்ணீர் எண்பது நிமிடத்தில் உள்ளே போய்விடும். சளி பிடித்த பச்சைக் குழந்தைக்கு அது நெஞ்சை அடைக்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை. டொக்டர் வரட்டும், அவருக்கு முன்னால் சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன். மத்தியானம் மலர் கொண்டுவந்த புட்டையும் சாப்பிட்டேன். நல்ல ருசி.

இரண்டு மணிக்கு டொக்டர் வந்து அமர்ந்தார். நான் எழும்பி, மூன்று வசனத்தில் பிழையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். கொட்டில் முழுக்க என்னைப் பார்த்தது. நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்தப் பார்வைதான். மலர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. வாங்கில்களைப் பார்த்தாள்.

"தெரேசா எங்கை?"

"ஒரு மணி பஸ்ஸுக்குப் போட்டாள்" என்றாள் ஒருத்தி.

மலரும் நானும் சந்தியில் ஹயர் கார் பிடித்தோம். தொண்டைமானாறு ஆறு மைல், அறுபது ரூபா. சாரதி முதலிலேயே சொல்லிவிட்டார்: "பாலத்தடியிலை ஆமிக் காம்ப் இருக்குது பிள்ளையள். கிட்ட வரமாட்டன். ஊர் துவங்கிற இடத்திலை விடுறன், அங்காலை நடவுங்கோ."

கார் வெளிக்கிட்டதும் மலர் கேட்டாள்: "உனக்கு எப்ப தெரியும்?"

"பதினொண்டேகாலுக்கு."

உடுப்பிட்டி தாண்டியதும் அவள், எனக்கல்ல, றோட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "தெரேசா ஊசிக்கு நரம்பு பிடிக்கக் கெட்டிக்காரி. இப்ப ஏத்தியிருப்பாள்."

"அண்ணை, கொஞ்சம் கெதியா விடுங்கோ" என்றேன்.

இறங்கி மணலுக்குள் ஓடினோம். வார்ட்டுக்குள் போனபோது இரண்டு நாற்பது. போத்தலில் 15 என்ற பிளாஸ்டர். துளிகள் டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தன. ஏற்றத் தொடங்கி இருபது நிமிடம் என்றாள் தெரேசா. நான் குழாயின் பிடியைத் திருகி நிறுத்தினேன். பதினைந்து சிசி போயிருந்தது. குழந்தை கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனால் உதடு நீலமாகவில்லை.

தாய் பாயில் இருந்து எழும்பிவிட்டாள். மீன் காயவைக்கிற வாடியில் இருந்து நேரே வந்தவள். "என்ன மிஸ்ஸி, பிழையே?"

"ஓம் அம்மா. என்ரை பிழை" என்றாள் மலர். "கணக்கைப் பிழையாச் சொல்லிப்போட்டன். இப்ப நிப்பாட்டியாச்சு. நாங்கள் இஞ்சைதான் இருப்பம்."

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். நானும் சொல்லியிருக்கவேண்டும். இரண்டாந்தரமும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நாலு மணி வரை இருவரும் குழந்தையின் மூச்சை மாறி மாறி எண்ணினோம். மூச்சு ஆறியதும், அந்த வைத்தியசாலை டொக்டரைக் கேட்டு, நிமிடத்துக்கு ஐந்து துளியாகத் திரும்ப விட்டோம். பிளாஸ்டரில் 5 என்று எழுதியவள் தெரேசா. இந்த முறை தானே கணக்குப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள்.

நெல்லியடிக்குத் திரும்பியதும் மலர் இயந்திரத்தைத் திருத்தினாள். அதன் பிறகு அது கேட்கிற முதல் கேள்வி, உங்கள் குழாயில் சிசிக்கு எத்தனை துளி என்பதுதான். 'பிழை கண்டது புனிதம்' என்று கசற் பெட்டியில் எழுதியும் வைத்தாள். எத்தனை மணிக்குக் கண்டேன் என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வகுப்பு எடுக்கும் வேலை அவளுக்கே போனது. டொக்டர் என்னைக் கேட்டிருந்தால் நானும் அவளுக்குத்தான் கொடுத்திருப்பேன். இதை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்தது. அந்த இயந்திரத்தில் எனக்கிருந்த பொறாமை அன்றே செத்துவிட்டது. 'என்ரை பிழை' என்று அவள் சொன்ன வேகத்தின் மேல் வந்த பொறாமை இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி நீங்கள் கேட்டது. யாழ்ப்பாணத்தில் நெல்லியடி பஸ்ஸில் காலை ஏழு மணிக்கு முன் ஏறினால் இருக்க இடம் கிடைக்கும். வல்லை வெளியில் தலைப்பையோ தொப்பியையோ பிடித்துக்கொள்ளுங்கள். சந்நிதி முருகனிடம் போகிறவர்கள் நெல்லியடியில் இறங்கித் தொண்டைமானாறு பஸ் எடுக்கலாம். இப்போது காம்ப் என்று சொல்லி வழியில் இறக்கிவிடமாட்டார்கள். சந்தையில் தட்டை வடை வாங்குங்கள், நாலு நாள் கெடாது.

வாசிப்பவர்களில் தாதியர் இருந்தால் உங்களுக்கு மட்டும் ஒன்று. இப்போது கணக்கைக் கைபேசியே செய்துவிடுகிறது, நல்லது. செய்யட்டும். உங்கள் கையில் இருக்கும் குழாய் எது என்று அதற்கு முதலில் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவள் பிழை விட்டால், கண்ட அந்த நிமிடமே சொல்லுங்கள். நான் இரண்டே முக்கால் மணித்தியாலம் பொத்தி வைத்திருந்தேன். அதனால் பதினைந்து சிசி ஒரு குழந்தைக்குள் ஓடியது.