ராக்காயி கேட்ட தண்ணீர்

எங்கள் சபைப் பதிவேட்டில் ராக்காயி என்ற பெயர் கிடையாது. தேடிப் பார்க்க வேண்டாம், அந்தப் பதிவேட்டை எழுதுகிறவனே நான்தான். 1921 முதல் ஈப்போ மிஷனில் உபதேசியாராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு லகாட் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குப் போவேன். லயங்களில் குடியிருக்கும் கூலிச் சனங்களுக்கு வேதம் வாசித்து, ஜெபம் சொல்லிக் கொடுத்து, ஞானஸ்நானத்துக்கு ஆள் தயார் செய்வது என் வேலை. எட்டு வருஷத்தில் அறுபத்து மூன்று பெயர் எழுதியிருக்கிறேன். அதில் பாதிப் பேர் இப்போது ஆலயத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. எழுதாமல் விட்ட ஒருத்தியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நான் முன்கோபக்காரன். என் மனைவி முதல் எங்கள் போதகர் ஐயா வரை எல்லாருக்கும் இது தெரியும். 1925இல் ஒரு நாள் போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, கிணற்றடியில் ஆண்டவரைச் சந்தித்த சமாரியப் பெண்ணின் கதையை மட்டும் தோட்டங்களில் வாசிக்க வேண்டாம் என்றார். "அங்கே வீட்டுக்கு வீடு அதுதான் கதை. வீண் வம்பு வரும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஆண்டவர் பேசியதை வாசிக்க இவரிடம் சீட்டு வாங்க வேண்டுமோ? அடுத்த ஞாயிறே அதைத்தான் வாசித்தேன்.

காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் கொட்டகையில் இருபது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். உச்சி வெயிலில் களைத்துப்போன ஆண்டவர் கிணற்றடியில் உட்கார்ந்ததையும், ஊரில் யாரும் முகம் கொடுக்காத ஒருத்தியிடம் தண்ணீர் கேட்டதையும் சொன்னேன். அவளுக்கு ஐந்து புருஷன்மார் இருந்ததும், இப்போது கூட இருப்பவன் புருஷனே இல்லை என்பதும் தெரிந்தும் அவர் எழுந்து போகவில்லை என்றேன். குடித்தால் பிறகு தாகமே எடுக்காத தண்ணீரைத் தருகிறேன் என்று அவளிடம்தான் சொன்னார் என்றேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயா, அந்தப் பொம்பளைக்கு ஆக மொத்தம் எத்தன பேரு?"

"முன்னாடி அஞ்சு பேரு. இப்ப ஒருத்தன்."

"அப்ப ஆறு. எனக்கு நாலுதான்."

கொட்டகையே சிரித்தது. கங்காணி சின்னையா தொடையைத் தட்டிக்கொண்டு, "அடி சக்கை! நம்ம ராக்காயிய உபதேசியாரு பொஸ்தகத்துலயே போட்டுட்டாங்கடா!" என்றான். அவள் சிரிக்கவில்லை. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ரப்பர் பால் காய்ந்து விரலெல்லாம் வெள்ளைத் தோலாக உரிந்திருந்தது.

"நாலு பேருன்னா எங்கிட்டயும் பேசுவாருங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"பேசுவாரு" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன்.

நாலு பேர் என்றதும் யாரும் அவளைத் தப்பாக நினைக்க வேண்டாம். பதினைந்து வயதில் சேலம் பக்கத்திலிருந்து மாயாண்டி என்பவனுக்கு மனைவியாகக் கப்பலேறி வந்தவள். இரண்டாம் வருஷமே மாயாண்டி கங்காணியின் அடி பொறுக்காமல் ஓடிப்போனான். கடல் தாண்டி, டச்சுக்காரன் சீமையான டெலிக்குப் போய்விட்டான் என்றார்கள். தெலுக் ஆன்சன் படகுத்துறையில் பார்த்தேன் என்றார் ஒருவர். செத்தான் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தனிப் பெண்ணுக்கு லயத்தில் அறை கிடையாது, ஒரு ஆணின் பெயரோடு சேர்த்து எழுதித்தான் அறை கொடுப்பார்கள். அப்படி எழுதப்பட்ட இரண்டாமவன் ஒரே வருஷத்தில் காய்ச்சலில் போனான். மூன்றாமவன் குடித்துவிட்டு அடித்து, கடைசியில் காம்பார் ஈயச் சுரங்கத்துக்குப் போனவன் திரும்பவே இல்லை. நாலாவதாக வந்தவன் சன்னாசி. அவனை யாரும் கொண்டுவந்து விடவில்லை. வாசலில் நின்று, "வரலாமா புள்ள?" என்று கேட்டானாம்.

"கேட்டு வந்த ஒரே ஆளு அதுதாங்க ஐயா" என்பாள் ராக்காயி. ஒன்பது வருஷம் ஒன்றாக இருந்தார்கள், இரண்டு பிள்ளைகள்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவளுக்கு வந்த ஆசையை என்னவென்று சொல்வது! எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் சொல்லித் தரும் ஜெபத்தை மறுநாள் பால் வெட்டும்போது மரத்துக்கு ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டே போவாள். வரி மறந்துவிட்டால் அதைச் சொன்ன மரத்துக்கே திரும்பி ஓடுவாள். அங்கே போய் நின்றால் வந்துவிடுமாம். "பாலெடுக்க வந்தியா, மரத்துக்கு மந்திரம் ஓத வந்தியா?" என்று சின்னையா கத்துவான். நாலே மாதத்தில் ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. ஈப்போவில் படித்த மனிதர்களுக்கே நான் இதற்காக ஒரு வருஷம் உயிரை விட்டிருக்கிறேன்.

வாரா வாரம் என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "ஐயா, எனக்கு எப்ப தண்ணி ஊத்துவீங்க?" என்பதுதான். ஞானஸ்நானத்தை அவள் அப்படித்தான் சொல்வாள். சன்னாசி தோட்டத்து எல்லை முனிக்குச் சூடம் கொளுத்துகிறவன், ஆனாலும் ஒரு நாளும் அவளைத் தடுத்ததில்லை. "சீக்கிரம் ஊத்தி விடுங்கய்யா. தூக்கத்துலயும் இவ அதத்தான் சொல்றா. நானும் கொஞ்சம் கண்ணசரணும்லா" என்று என்னைக் கிண்டல் செய்வான்.

மறு வருஷம் ஈஸ்டருக்கு ஒரு மாதம் முன்னால் போதகர் ஐயா தோட்டத்துக்கு வந்து, தயாராயிருந்த ஏழு பேரையும் விசாரித்தார். ராக்காயி ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பிறகு கேட்டார்.

"உன் புருஷன் பேரென்ன?"

"எந்தப் புருசன்னுங்க?"

"முதல்ல தாலி கட்டினவன்."

"மாயாண்டிங்க."

"உயிரோட இருக்கானா?"

"தெரியலைங்க."

போதகர் ஐயா புத்தகத்தை மூடினார். மாயாண்டி செத்திருந்தால் நீ விதவை, சன்னாசியோடு உனக்கு முறைப்படி கல்யாணம் எழுதலாம், அவன் இருந்தால் இது பாவம், இன்னதென்று தெரிகிறவரை சன்னாசியை விட்டு விலகியிருக்க வேண்டும் என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். முந்தின வருஷம் ஒருவனை நம்பி ஞானஸ்நானமும் கல்யாணமும் கொடுத்தார். ஆறாம் மாதம் அவனுடைய முதல் மனைவி இரண்டு பிள்ளைகளோடு கப்பலில் வந்து இறங்கினாள். அவள் ஆலய வாசலில் அடித்துக்கொண்டு அழுததை நானும் பார்த்தேன்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ராக்காயியின் வீட்டுக்கே போனேன். சன்னாசி வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"மாயாண்டி செத்துட்டான்னு ஒரு வார்த்த சொல்லிரு, ராக்காயி. யாரு டெலிக்குப் போயிப் பாக்கப்போறா? பாவம்னா என் தலையில வரட்டும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அந்தக் கெணத்தடிப் பொம்பள எனக்குப் புருசன் இல்லன்னு உள்ளதச் சொன்னா. சரியாச் சொன்னேன்னு அவரு மெச்சுனாரு. நீங்கதான ஐயா வாசிச்சீங்க? நான் பொய்யச் சொல்லிட்டு அவருகிட்டப் போனா அவருக்குத் தெரியாதா?"

வேதம் சொல்லிக் கொடுக்கப் போனவனுக்குச் செருப்படி. அப்போதாவது வெட்கப்பட்டேனா? கோபம்தான் பட்டேன்.

"அப்படின்னா கெட! எல்லாரும் ஈஸ்டருக்குத் தண்ணி வாங்குவாங்க. நீ ஓரமா நின்னு வேடிக்க பாரு" என்று கத்தினேன்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்கு வேணுமுங்க ஐயா. வயித்துப் பசி மாதிரி இருக்கு. ஆனா பொய் சொல்லி வேணாம்" என்றாள். வெளியே விறகு பிளக்கும் சத்தம் நின்றுபோயிருந்ததை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் ராக்காயி பால் வெட்டப் போயிருந்தபோது சன்னாசி கிளம்பிவிட்டான். எட்டு வயது மகளிடம், "அப்பன் வேற வேலைக்குப் போறேன், இனிமே இங்க வரமாட்டேன். ஆத்தாவத் தண்ணி வாங்கிக்கச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறான்.

"கேட்டு வந்த மனுசன் கேக்காமப் போயிருச்சுங்க ஐயா" என்றாள் ராக்காயி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தடை விலகிற்று, ஆண்டவரே வழி திறந்துவிட்டார் என்று நினைத்தேன். பாவி நான்.

ஈஸ்டர் அன்று சாயங்காலம் ஏழு பேரும் கொட்டகையில் வரிசையாக நின்றார்கள். தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்திருந்தவன் நான். ராக்காயி தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, ஆறாவதாக நின்றாள். ஐந்து பேர் முடிந்ததும் போதகர் ஐயா ஈரக் கையோடு அவள் முன்னால் வந்தார்.

"சன்னாசி போய்விட்டானா?"

"போயிருச்சுங்க."

"திரும்பி வந்தாலும் சேர்ந்து வாழமாட்டேன் என்று ஆண்டவர் முன்னால் சொல்வாயா?"

சொல்லு, சொல்லித் தொலை என்று நான் உதட்டை அசைத்தேன். அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். மாதக்கணக்கில் மரம் மரமாகச் சொல்லிச் சொல்லி ஏங்கிய தண்ணீர் அது.

"வந்து நின்னா கதவத் தொறப்பேனுங்க. தொறக்கமாட்டேன்னு சொன்னா பொய்யாப் போயிரும்."

போதகர் ஐயாவின் கண் கலங்கியிருந்தது. பிறகு ஏழாவதாக நின்ற பத்துமலையிடம் நகர்ந்தார். கிண்ணத்தோடு நானும் நகர்ந்தேன். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற எனக்கு அன்றைக்கு வாய் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ராக்காயி வரிசையை விட்டு விலகவில்லை. யாராவது மனம் மாறி வந்தால் இருக்கட்டும் என்பதுபோலக் கடைசி ஜெபம் முடிகிறவரை குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மனுசன எங்கனாச்சும் தேடிப் பாருங்க ஐயா. தண்ணி கெடைக்கலன்னு சொல்லுங்க. பிள்ளைங்க தேடுது, நானும் தேடுறேன், வந்துரச் சொல்லுங்க."

போகிற தோட்டமெல்லாம் விசாரித்தேன். ஏழு வாரம் கழித்து, பாகான் செராயில் வாய்க்கால் வெட்டும் கூட்டத்தில் அவனைப் பார்த்ததாக ஒரு வண்டிக்காரர் சொன்னார். மறுநாளே ரயிலேறினேன். அறுத்த தாள் காய்ந்து கிடந்த வயல்களுக்கு நடுவில், இடுப்பளவு சேற்றில் மண்வெட்டியோடு நின்றான் சன்னாசி. என்னைக் கண்டதும் கரையேறி ஓடிவந்தான். பிள்ளைகளைக்கூடக் கேட்கவில்லை.

"ஐயா, ஊத்தியாச்சுங்களா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்வதைவிடச் சேற்றில் விழுந்து சாகலாம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். போதகர் ஐயா கேட்டதையும், அவள் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன்.

"தொறப்பேன்னா சொன்னா?"

"ஆமா."

"அத்தன பேரு முன்னாலயா?"

"ஆமாப்பா. சாயங்கால ரயிலுக்கே போலாம், கெளம்பு."

அவன் வரப்பில் குந்தி உட்கார்ந்து, சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதான். சட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. வெகு நேரம் கழித்து நிமிர்ந்தபோது, என்னை விட்டு வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்குப் பொய் வராதுங்க ஐயா. நான் வந்து நிக்கிற தூரத்துல இருந்தா அவ வேற என்னதான் சொல்லுவா? வரவே முடியாத தூரத்துக்குப் போயிட்டேன்னா அடுத்த ஈஸ்டருக்கு ஊத்திருவீங்கள்ல? வடக்க கெடா சீமை வரைக்கும் போனாப் பத்துமாங்க ஐயா, இன்னும் தள்ளிப் போகணுமா?"