ஏழாவது பந்து

1966ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. வானத்தில் மேகம் இல்லை. வடக்கிலிருந்து லேசான காற்று; செம்மண் தூசியைக் கிளப்பும் அளவுக்குக்கூட இல்லை. வெயில் உறைக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. காரைக்குடியில் கிரிக்கெட் ஆட இதைவிட நல்ல நாள் அமையாது. வெயிலில் கண் கூசியது, தூசி மறைத்தது என்று நான் சாக்குச் சொல்ல வழியில்லை. அதற்காகத்தான் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் எழுத்தர். ஏறுகிற மூட்டை எத்தனை, இறங்குகிற மூட்டை எத்தனை என்று எண்ணுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் கிளப்புக்கு அம்பயராக நிற்பேன். அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர்களோடு ஆடும்போது, பேட் செய்கிற அணியைச் சேர்ந்தவர்களே அம்பயராக நிற்பார்கள். சொந்த ஆளை அவுட் கொடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் சண்டை வரும். நான் நின்றால் சண்டை வராது. உள்ளூர்க்காரன் என்று பார்க்க மாட்டான், கணக்கும் தப்பாது என்று மதுரை அணிகள் வரைக்கும் எனக்குப் பேர் இருந்தது. மாதச் சம்பளத்தைவிட அந்தப் பேரைப் பெரிதாக நினைத்திருந்தேன்.

ஓவருக்கு ஆறு பந்து. எண்ணுவதற்கு என்னிடம் மூன்று பைசாக் காசுகள் ஆறு இருந்தன. அலுமினியத்தில் ஆறு மூலையோடு அப்போதுதான் புதிதாக வந்திருந்தன. ஓவர் தொடங்கும்போது ஆறும் வலது பையில் இருக்கும். ஒரு பந்து விழுந்ததும் ஒரு காசு இடது பைக்குப் போகும். வலது பை காலியானால் ஓவர் முடிந்தது. அம்பயராக நின்ற மூன்று வருடத்தில் எண்ணிக்கை ஒரு தடவையும் தப்பியதில்லை.

அன்று மதுரை அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தவன் சைக்கிள் கடைக்காரரின் மகன். என்னைவிட ஐந்து வயது இளையவன். கொட்டகையில் மூட்டை விழுகிற சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது அரிசியா உப்பா என்று சொல்லிவிடுவேன். அதேபோல, முதுகைக் காட்டி நின்றாலும் மட்டையின் சத்தத்தை வைத்து அடித்தது அவன்தான் என்று சொல்லிவிடலாம். நான் நின்று பார்த்த முப்பத்தொரு ஆட்டங்களில் அவன் மட்டையிலிருந்து அவசரமான சத்தம் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. இந்த வரியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஷாமியானாவின் கீழ் மெட்ராஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு கம்பெனியில் அதிகாரி. கிரிக்கெட் ஆடத் தெரிந்தவர்களுக்குக் கம்பெனியில் வேலை கொடுத்து அணி வைத்திருந்தார்கள். அந்த வருடம் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவதாக வந்திருந்தார். சைக்கிள் கடைக்காரர் மகனின் பேரைக் கேட்டுத்தான் வந்தார் என்பது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். நன்றாக ஆடினால் மெட்ராஸ், வேலை, நல்ல பந்துவீச்சாளர்கள், அங்கிருந்து எவ்வளவு தூரம் போவான் என்று யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் சைக்கிள் கடை.

நான் சொல்ல வந்த ஓவர் தொடங்கும்போது அவன் முப்பத்துமூன்று ரன். முதல் பந்தைத் தடுத்தான். இரண்டாவதில் இரண்டு ரன். மூன்றாவது பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே நீளமாக வந்தது. அவன் இடது காலை எடுத்து வைத்ததைப் பார்த்தேன். மட்டை வந்ததைப் பார்க்கவில்லை. கவர் திசையில் ஃபீல்டர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நடுவில் ஐந்தடிகூட இடைவெளி இருக்காது. பந்து அதற்குள் புகுந்து போனது. இருவரும் அசையவில்லை. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வேலியில் முட்டி நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பந்தை எடுத்து வீசினார்கள், பந்துவீச்சாளர் திரும்பி நடந்தார், அப்போதும் என் கண்ணில் பந்து போன கோடுதான் இருந்தது. நாலு என்று கையை மட்டும் ஆட்டினேன். காசை மாற்றவில்லை.

நாலாவதும் ஐந்தாவதும் ரன் இல்லை. ஆறாவதில் மறுபடி இரண்டு. நாற்பத்தொன்று. விக்கெட் கீப்பர் எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். அவன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆடுகளத்தில் விரித்திருந்த கயிற்றுப் பாய் நடுவில் தூக்கிக்கொண்டிருந்த ஓர் இடத்தைக் காலால் மிதிக்கப் போனான். நான் பைக்குள் கை விட்டேன். ஒரு காசு இருந்தது.

“இன்னும் ஒரு பந்து” என்றேன்.

அவன் நின்றான். “அண்ணே, ஆறு ஆச்சுல்ல?”

“ஒண்ணு பாக்கியிருக்கு.”

“நல்லா எண்ணீட்டீகளா?”

காசை எடுத்துக் காட்டினேன். “நான் எண்ணாம உங்கப்பாவா வந்து எண்ணுவாரு?”

மைதானம் சிரித்தது. கீப்பர் திரும்பி வந்துகொண்டே, “சரக்கு ஆபீசு கணக்கு தப்பாது. போய் நில்லுப்பா” என்றார். அவனும் சிரித்துக்கொண்டே போய் நின்றான். முகத்தில் அந்தச் சிரிப்பு முழுசாகப் போவதற்குள் பந்து வந்துவிட்டது. நேரான பந்து. குறுக்கே மட்டையைச் சுழற்றினான். நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போனது.

அடுத்த ஓவருக்காக ஸ்கொயர் லெக் பக்கம் நடந்தபோது மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, இரண்டு, நாலு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, இரண்டு, போல்டு. ஏழு. இன்னொரு தடவை எண்ணினேன். ஏழு. பதினெட்டு அடி நடப்பதற்குள் நாலு தடவை எண்ணினேன்.

அம்பயர் தப்பாக எண்ணினாலும் அவர் எண்ணிய ஓவரே செல்லும் என்று விதி இருக்கிறது. அவுட் அவுட்தான். அது அப்போதே எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் அந்த விதியின் நிழலில் ஒதுங்கி நின்றிருக்கிறேன். ஆனால் என் தவறு எண்ணிக்கையோடு முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்கோர் எழுதுகிறவரிடம் போனேன். அவர் ஜவுளிக்கடைக் கணக்கர். பென்சிலால் முத்து முத்தாக எழுதுவார்; ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி.

“தம்பி, இந்த ஓவர்ல ஏழு வருதே” என்றார் என்னைக் கண்டதும்.

“ஒரு புள்ளிய அழிச்சிருங்க.”

“எந்தப் புள்ளிய?”

“எதையாச்சும். மூணு இருக்குல்ல.”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து நாலாவது பந்தை அழித்தார். துகளை வாயால் ஊதிவிட்டார். புத்தகத்தில் ஆறு பந்து ஆனது.

புளியோதரைப் பொட்டலத்தோடு ஷாமியானா ஓரமாக நின்றிருந்தேன். மெட்ராஸ்காரர் என்னைக் கூப்பிட்டார். கையில் சின்ன நோட்டு.

“நீங்க நல்லா அம்பயரிங் பண்றீங்க. சொந்த ஊர்னு பார்க்கல. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். அந்தப் பையன் அழகா ஆடிட்டிருந்தான். திடீர்னு ஏன் அப்படிச் சுத்தினான்? எப்பவுமே அப்படித்தானா?”

“என் தப்பு சார். அவன் அந்தப் பந்தை ஆடியிருக்கவே கூடாது. ஓவர் முடிஞ்சுதுன்னு நினைச்சிருந்தான்.” இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. அவர் சிரித்திருப்பார். கணக்குத் தப்பாதவன் என்கிற பேர் போயிருக்கும். வேறொன்றும் ஆகியிருக்காது.

நான் சொன்னது இது: “திறமை இருக்கு சார். பொறுமைதான் பத்தாது.”

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். போதாது என்று நானே மேலும் ஒரு வாக்கியம் சேர்த்தேன். “நாலு அடிச்சிட்டா அவனுக்குத் தலை கிறுகிறுத்துரும்.” அதையும் எழுதிக்கொண்டார். மதிய ரயிலுக்குப் போய்விட்டார்.

போகிறபோது எங்கள் கிளப் செயலாளரிடம், உங்கள் அம்பயரே இப்படிச் சொல்கிறார், பையன் பக்குவப்படட்டும், அடுத்த வருடம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. டீக்கடையில், முடி திருத்தும் கடையில், பஸ் நிற்கிற இடத்தில், “திறமை இருக்கு, பொறுமை இல்ல.” என்னிடமே வந்து சொன்னவர்கள் பதினான்கு பேர். பதினான்கு பேரிடமும் தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அவன் கொட்டகைக்கு வந்தான். மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, “அண்ணே, நீக சொன்னது சரிதான். இனிமே கட்டை போட்டு ஆடப்போறேன். அவரு அடுத்த வருஷம் வாராருல்ல, பாருங்க” என்றான். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஒரு சரக்கு வேகன் வந்து நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை இறங்க வேண்டியிருந்தது. எண்ணப் போய்விட்டேன்.

அந்த வருடம் முழுக்க அவன் தன்னிடம் இல்லாத ஒரு குறையைத் திருத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் அந்தக் கவர் டிரைவ் போனது. பிறகு காலை எடுத்து வைப்பது சுருங்கியது. அதற்கப்புறம் அரைகுறையாக வந்த பந்தைக்கூடப் பத்திரமாகக் காலடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பான், சரிதானே என்று. மட்டையின் சத்தம் மாறிவிட்டது. முதுகைக் காட்டி நின்றால் யார் ஆடுகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறு வருடம் மெட்ராஸ்காரர் சொன்னபடி வந்தார். அவன் ஒன்றரை மணி நேரம் நின்றான். எழுபத்துநாலு பந்து, பதினொரு ரன். ஒரு நாலுகூட இல்லை. எந்த ஓவரிலும் நான் காசை மாற்ற மறக்கவில்லை. மெட்ராஸ்காரர் செயலாளரிடம், “இவனா அவன்?” என்று கேட்டாராம். டீ வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். அப்புறம் யாரையும் தேடி அவர் எங்கள் ஊருக்கு வரவில்லை.

அவன் இன்னும் மூன்று பருவம் ஆடினான். அப்பா நோயில் படுத்ததும் கடையில் உட்கார்ந்தான்.

எனக்கு இப்போது எண்பத்தாறு முடிந்து நாலு மாதம். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கிறேன். எவ்வளவோ திறமை இருந்தும் மேலே வராமல் போன நம் நாட்டு ஆட்டக்காரர்களைப் பற்றி மூன்று பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுவார்கள். மனப்பக்குவம் இல்லை, நிதானம் இல்லை, கிடைத்த வாய்ப்பைக் கோட்டை விட்டான். நிஜமாகவே அப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். நான் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறேன். அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவன் யார், அவன் எதை மறைக்கச் சொன்னான் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஒரே ஒரு தடவை சொல்லிவிடப் போனேன். அது 1974. எனக்குத் திருச்சிக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. ஊரை விட்டுப் போகுமுன் சொல்லிவிட வேண்டும் என்று எட்டு நாள் யோசித்தேன். சும்மா போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. சந்தைச் சுவர் ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி, பின் சக்கரத்தின் காற்றை நானே பிடுங்கிவிட்டேன். தள்ளிக்கொண்டு போனேன்.

“வாங்கண்ணே. பஞ்சரா? குடுங்க, பாப்போம்.” லேசாகத் தொப்பை விழுந்திருந்தது. கை மட்டும் அதே கை. டயரை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். ஒரு சாண், அடுத்த சாண். ஒவ்வொரு இடத்திலும் குமிழி வருகிறதா என்று காத்திருந்து பார்த்தான். ஒரு சுற்று முடிந்தது.

“ஒண்ணும் இல்லியே” என்றான்.

“நல்லாப் பாத்தியா?”

“இன்னொருக்கப் பாத்துருவோம். அவசரம் ஒண்ணும் இல்லீல்ல?” மறுபடி முதல் சாணிலிருந்து தொடங்கினான்.

நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். “அந்த மதுரைக்காரங்க ஆட்டம்...”

“நாப்பத்தொண்ணு” என்றான் நிமிராமல்.

“அந்த ஓவர்ல...”

“ஏழு பந்து. தெரியும்ணே.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? ஆடுனவன் நான். எனக்கு எண்ணத் தெரியாதா?” சிரித்தான். “கேட்டேனே அன்னைக்கே. நீக காசத் தூக்கிக் காட்டுனீக. நீக தப்ப மாட்டீகளே, நம்மதான் தப்பிட்டமோன்னு போய் நின்னுட்டேன்.”

“பிறகாச்சும் கேட்டிருக்கலாமே.”

“எதுக்குண்ணே? ஏழாவதா இருந்தா என்ன, எழுபதாவதா இருந்தா என்ன. நேரா வந்த பந்து, நான் குறுக்கச் சுத்துனேன். பொறுமை இல்ல, அம்புட்டுத்தான். மத்தவுகல்லாம் முதுகத் தட்டிக் குடுத்தே கெடுத்தாக. நீக ஒருத்தர்தான் ஒளிக்காமச் சொன்னீக. அத நான் மறக்க மாட்டேன்.”

எட்டு வருடம் அவன் அதை நம்பி வாழ்ந்திருக்கிறான். ஏழாவது பந்தைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது இன்னொன்று. உனக்குப் பொறுமை இருந்தது, நான் பொய் சொன்னேன். ஆறு வார்த்தை. தொட்டியில் அவன் விரல் டியூபைத் திருப்பியது. கடைசிச் சாண் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

“பஞ்சர் இல்லண்ணே. யாரோ காத்தப் பிடுங்கி விட்டுருக்கான்” என்றான். டியூபை மாட்டி, டயரைப் பொருத்தி, காற்றடித்தான். நாற்பத்தாறு தடவை அமுக்கினான். வெறும் காற்றுக்குக் காசு வேண்டாம் என்றான். நான் விடவில்லை. ஒரு ரூபாயை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு மீதியை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தான். ஐம்பது, இருபத்தைந்து, பத்து, ஐந்து. எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அந்த ஏழாவது பந்துக்காக என் கையிலிருந்து போனது மொத்தம் பத்து பைசா.