நடு நட்சத்திரம் மங்கிய மாதங்கள்

எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. ரயில்வே கேட்டில் நிற்பதென்றால் உயிர் போய்விடும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு நட்சத்திரத்தை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவி இன்றும் கேலி செய்வாள். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கலுக்குத் தனியார் பஸ் ஓட்டுகிறேன். ஒருமுறை எரிநட்சத்திரம் பார்க்கப் போன கூட்டம் ஒன்று எங்கள் பஸ்ஸை வாடகைக்கு எடுத்தது. அவர்களோடு சும்மா அண்ணாந்து பார்த்தேன். அன்று பிடித்த பைத்தியம்.

கார்த்திகையில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அதியமான்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் வடக்கே பார்த்து நின்றால், டவுன் வெளிச்சத்துக்கு மேலே ஐந்து நட்சத்திரங்கள் ‘எம்’ எழுத்தை இழுத்துப் போட்ட மாதிரி இருக்கும். நடுவில் இருப்பதுதான் நான் பார்ப்பது. கொதிக்கிற நீல நட்சத்திரம். அது சுற்றுகிற வேகத்தில் தன் உடம்பிலிருந்தே வாயுவை வீசி எறியுமாம். அதனால் ஒளி கூடும், குறையும். எப்போது, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒளி மாறுகிற மற்ற நட்சத்திரங்கள் பலவற்றுக்கு டைம் உண்டு. இதற்கு அதெல்லாம் கிடையாது. அந்தத் திமிர்தான் எனக்குப் பிடித்தது.

பார்ப்பது சுலபம். அதற்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக ஒன்று இருக்கிறது, அதிகம் மாறாதது. அதைவிட நீலத்துக்கு வெளிச்சம் கூடவா, குறைவா என்று வெறும் கண்ணால் பார்த்து நட்சத்திரம் பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒருவர் எல்லோருடையதையும் சேர்த்துக் கோடு வரைவார்.

போன சீசனில் நான் பார்த்தவரை நீலம் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் செம்மஞ்சளுக்குச் சமம், பிறகு அதைவிடக் குறைவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிதாக என்னவோ நடக்கப்போகிறது, நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று குதித்தேன். ஓசூர்க்காரர் போன் செய்தார்.

“மத்தவங்களுக்கெல்லாம் அப்படியேதாங்க இருக்குது. உங்க ஒருத்தர் கோடுதான் கீழ போவுது.”

“அது ஒழுங்கில்லாத நட்சத்திரங்க. இன்னைக்கு இப்படி, நாளைக்கு அப்படி. மத்தவங்க சரியா பாக்கலைன்னு ஏன் இருக்கக் கூடாது?”

போனை வைத்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மனைவியை மாடிக்குக் கூப்பிட்டேன். “பாரு, மங்கிடுச்சா இல்லையா?”

“ஆமாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.” அடுப்பில் என்னவோ இருக்கிறது என்று இறங்கிப் போனாள்.

ரோட்டிலும் அந்த மாதங்களில் எனக்கு யாரோடும் ஒத்துவரவில்லை. பென்னாகரம் தாண்டி மலையிறங்கும்போது, சாயங்காலம் எதிரே ஏறிவரும் வண்டிகளின் லைட் எல்லாம் பொங்கிப் பரவிக் கண்ணில் அடித்தது. எல்லாம் இந்தப் புது எல்.இ.டி. கருமம் என்று நினைத்தேன். “டிம் பண்ணுடா டேய்! வூட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?” என்று ஜன்னல் வழியாகக் கத்தாத நாளில்லை. டிம் செய்தவனைப் பார்த்தும் கத்தினேன்.

ஒருநாள் மாடியில் நிற்கும்போது வலது கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது. சனியனே என்று உள்ளங்கையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பார்த்தேன். இடது கண்ணுக்கு நீலம் பளிச்சென்று நின்றது. செம்மஞ்சளைவிடக் கூடுதலாக. பூச்சியை எடுத்துவிட்டு, கண் தெளிந்தபின் இடதைப் பொத்தினேன். வலது கண்ணுக்கு நீலம் அழுக்குத் தண்ணீரில் கழுவியது போலக் கிடந்தது. திரும்பத் திரும்ப மாற்றி மாற்றிப் பொத்தினேன். பிறகு ஹைவே பக்கம் திரும்பினேன். இடது கண்ணுக்கு லாரி லைட் வெறும் லைட்டாக இருந்தது. வலது கண்ணைத் திறந்ததும் பொங்கியது.

மங்கியது நட்சத்திரம் இல்லை, நான். இந்தக் கண்ணோடுதான் தினமும் அத்தனை வளைவும் இறங்கியிருக்கிறேன். என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யாரும் வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் இல்லையே. அன்று ராத்திரி உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

விடிந்ததும் ஓனரிடம் சாவியைக் கொடுத்தேன். “கண்ணு செரியில்லீங்க. வேற ஆளப் போடுங்க.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “செரி, பாத்துக்கிட்டு வா” என்றார்.

கண்புரை என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிவிட்டதாம். மஞ்சள் முதலில் நீலத்தைத்தான் தடுக்குமாம். செம்மஞ்சளுக்கு அவ்வளவாகப் பாதிப்பில்லையாம். வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிக் கட்டு பிரித்து, மாடிக்குப் போக அனுமதி கிடைத்த அன்று பார்த்தேனே, அடேயப்பா, அந்த நீலம்! அத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை. கத்திவிட்டேன். மனைவி பதறி ஓடிவந்தாள்.

“எப்பவும் இப்படித்தாங்க இருந்துச்சு” என்றாள்.

“அப்புறம் எதுக்குடி மங்கிடுச்சுன்னு சொன்ன?”

“நீங்க பாத்துப் பழகினவரு. எனக்கு என்னா தெரியும்னு நீங்க சொன்னதையே சொல்லிட்டேன்.”

கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது?

பல வாரம் கழித்து, வண்டி ஓட்டலாம் என்றார்கள். காலையில் முதல் டிரிப். சாவியை ஓனர் முந்தின நாளே கொடுத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி மாடி ஏறினேன். நீலம் செம்மஞ்சளைவிட மங்கியிருந்தது.

வலதைப் பொத்தினேன், இடதைப் பொத்தினேன். இரண்டு கண்ணுக்கும் மங்கல்தான். இடது கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அப்படியானால் புதுக் கண்ணும் போய்விட்டதா? இல்லை, நிஜமாகவே அது மங்குகிறதா? ஓசூருக்குப் போன் போட்டேன். “இங்க ரெண்டு வாரமா மேகங்க. யாருமே பாக்கல” என்றார்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்றதும், “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே பாத்துச் சொல்லு. நீலம் கூடவா, அந்தச் செம்மஞ்சள் கூடவா?” என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். என் கையிலிருந்த சாவி வியர்வையில் நனைந்துவிட்டது.

“சீக்கிரம் சொல்லேன்!”

“இருங்க.” அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. “செம்மஞ்சள்தாங்க கூட. நீலம் மங்கித்தான் இருக்குது.”

“நெசமா? எனக்காகச் சொல்றியா?”

“உங்களுக்காகன்னா வந்ததுமே சொல்லியிருப்பேன்.”