மணிக்கு நாற்பத்தெட்டுச் சட்டை

பேக்கிங் கூடத்தில் அவளுக்குப் பராக்கு என்று பேர். வைத்தவள் நாத்தனார். பராக்குக்கு அதில் கோபமே கிடையாது. கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள், அவ்வளவுதான். அவள் மேசைக்கு எதிரே, உயரத்தில், தூசி படிந்த ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் வெளிச்சம் நகர்வதைப் பார்த்தபடியே சட்டை மடிப்பாள். பட்டன் போட்டு, கவிழ்த்து, முதுகில் அட்டை வைத்து, கை இரண்டையும் உள்ளே மடக்கி, கிளிப் மாட்டி, புரட்டி, காலரை நீவி, பிளாஸ்டிக் கவருக்குள் தள்ளினால் ஒரு சட்டை முடிந்தது. மணிக்கு முப்பத்தாறு முடித்தால் ஒரு மணி நேரக் கூலி முழுசாக வரும். எத்தனை குறைகிறதோ அந்த அளவுக்குக் கூலியும் குறையும்.

நாத்தனாருக்கு அடுத்த மேசை. மணிக்கட்டு வலியோடு முக்கி முனகி முப்பத்தேழைத் தொட்டுவிடுவாள். பராக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான், ஆனால் போகிற வழி வேறு. நினைப்பு எங்காவது கிளம்பிவிட்டால் அவள் கை தனியாகப் பறக்கும். ஏழெட்டுச் சட்டையை யார் மடித்தது என்று அவளுக்கே தெரியாது. பிறகு விழித்துக்கொண்டு, கை அப்படியே நிற்க, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பறந்ததும் நின்றதும் சேர்ந்து கடைசியில் எல்லாரையும் போலத்தான் வந்து முடியும். இது கூடத்தில் நாத்தனார் ஒருத்திக்குத்தான் தெரியும். வீட்டில் பூண்டு உரிக்கும்போது பார்த்திருக்கிறாள்.

அந்த வருஷம் கூலித் திருத்தம் என்று சொல்லி, நேரம் அளப்பவர் ஒருவரை நிர்வாகம் வரவழைத்தது. ஒரே ஒரு ஆளை மாதிரிக்கு நிறுத்துவார்கள். அந்த ஆள் ஒரு சட்டைக்கு எடுக்கும் நேரம்தான் இனி எல்லாருக்கும் அளவு. மேனேஜர் பெயர்ப் பட்டியலின் நடுவில் விரலை வைத்தார். பராக்கு. கூடத்தில் இருந்த நாற்பது பெண்களுக்கும் உள்ளுக்குள் கொண்டாட்டம். அந்தத் தூங்குமூஞ்சி பத்துச் சட்டை மடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று நம்பினார்கள். நாத்தனார் மட்டும் பராக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே சமையலறையில் பாடம் ஆரம்பமாகிவிட்டது. மெதுவாக வேலை செய்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"காலரை ரெண்டு தடவை நீவு. கிளிப்பைத் தேடு. கண்ணு முன்னாடியே கிடந்தாலும் தேடு."

"சரி அண்ணி."

"கவர் ஒட்டிக்கிச்சுன்னு ஊது. முக்கியமா, நெனப்ப எங்கேயும் விட்டுடாதே. இங்கேயே இரு."

"இருக்கேன் அண்ணி."

தன் ஒரே நல்ல சட்டை ஆறாவது தடவையாக மடிபடுவதைப் பார்த்த பராக்கின் புருஷன், "நாளைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டுப் போறது?" என்றான்.

"பனியனோட போடா. உன்னை யாரு பாக்கப்போறா" என்றாள் அவன் அக்கா.

நேரம் அளப்பவர் அதட்டுகிற ஆளாக இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவரோ தங்கமான மனுஷர். "நீங்க எப்பவும் போல பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்டாப்வாட்சோடு அவள் பார்வையில் படாமல் பின்னால் போய் நின்றுகொண்டார். முதல் நான்கு சட்டையும் அப்பழுக்கில்லாத சோம்பேறித்தனம். காலரை இரண்டு தடவை நீவினாள், கிளிப்பைத் தேடினாள், கவரை ஊதினாள். நாத்தனாருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாவது சட்டையில் ஜன்னலுக்கு வெயில் வந்தது. மின்விசிறிகளின் இரைச்சல் மெல்ல அடங்கியது. மேசை விளிம்பு கரைந்தது. எங்கேயோ ஒரு வீடு. நீளமான திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. நடுப்பகல். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாருக்கும் அவளிடம் வேலை இல்லை. அங்கே ஒரு நாற்காலி இருந்தது. எங்கோ தொலைவில் வெள்ளையாக ஏதேதோ வந்து வந்து போயின. அவளுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. நாத்தனார் இருமினாள். கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். மறுபடி இருமினாள். அந்தச் சத்தம் எதுவும் அந்த வீட்டை எட்டவில்லை.

விழித்தபோது பக்கத்தில் இருபது சட்டை விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தது. பராக்கு வழக்கம்போலக் கையை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தாள். நாத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நில்லுடி, நல்லா நில்லு, இதிலேயே சரியாகிவிடும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அந்த மனுஷர் கட்டைவிரலால் வாட்சை நிறுத்தினார்.

"நிக்கிற நேரம் கணக்குல வராதும்மா. கை ஓடுற நேரம் மட்டும்தான்" என்றார் அன்பாக. "முதல் நாலும் பதட்டத்துல பண்ணது. அதையும் விட்டுடறேன்."

அடுத்த வாரம் பலகையில் எழுதிப் போட்டார்கள்: மணிக்கு நாற்பத்தெட்டு. மணிக்கூலியில் சல்லிக்காசு குறைக்கவில்லை என்றார் மேனேஜர். அது சத்தியம். நாற்பத்தெட்டை முடிப்பதற்குள் நாத்தனாருடைய ஒரு மணி நேரம்தான் எழுபத்தெட்டு நிமிடமாகிவிட்டது. இதற்குப் பெயர் திருத்தமாம்! நல்லா இருப்பார்கள்.

கூடத்தில் பராக்கோடு யாரும் பேசவில்லை. வீட்டில் நாத்தனாரும் பேசவில்லை. அதைவிடக் கொடுமை, பயத்தில் அவள் நினைப்பு எங்கேயும் போக மறுத்தது. கண்ணை மேசையிலேயே வைத்து, ஒவ்வொரு சட்டையாக எண்ணி எண்ணி மடித்தாள். முப்பத்துநாலுக்கு மேல் ஏறவில்லை.

எட்டு நாள் கழித்து, டீ இடைவேளையில் நாத்தனார் தம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"ஏய். அன்னிக்கு எங்கடி போயிருந்தே? சொல்லு. நாப்பத்தெட்டு மடிக்கணும்னா நானும் அங்கதான் போயாகணும்."

பராக்கு தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீடு, திரைச்சீலை, நாற்காலி. முறைத்துக்கொண்டிருந்த மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக நெருங்கி வந்து நின்றார்கள்.

"அந்த நாற்காலியில உக்காந்து என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

பராக்குக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒண்ணுமே பண்ணல அண்ணி. ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டு, சும்மா உக்காந்திருந்தேன்."