இருநூற்று எண்பத்தேழாம் பக்கம்

கடைசிப் பக்கத்தைத்தான் அவர் முதலில் எடுக்கிறார். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, உதடு அசையாமல் ஒவ்வொரு வரியாக இறக்குகிறார். அது முடிந்ததும் அதற்கு முந்தைய பக்கம். கொலைகாரன் பிடிபட்ட பிறகுதான் கொலை விழும். கல்யாணம் முடிந்த பிறகுதான் காதல் வரும். "நேராப் படிச்சா கதை நம்மள இழுத்துட்டுப் போயிடும் சார். அப்புறம் தப்பு எப்படிக் கண்ணுல படும்?" என்பார்.

பதிப்பகத்தின் பின்னறையில் இருபத்து மூன்று வருடமாகப் பிழை திருத்துகிறார். தாள் பறக்கிறது என்று தலைக்கு மேலிருந்த மின்விசிறியைக் கழற்றச் சொல்லிவிட்டார். விட்டுப்போன ஒற்றைக் கொம்புக்காக ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தையே நிறுத்தியவர் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் 'கொம்பக்கா'. சம்பந்தி எழுதிய கடிதத்தில் மூன்று இடங்களைச் சுழித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "அவங்களுக்குக் கோவம்தான். ஆனா அடுத்த லெட்டர்ல ஒரு தப்பு இல்லையே!"

அப்படிப்பட்டவர் கையில்தான் என் நாவல் போய் விழுந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். முற்றுப்புள்ளி கிடையாது, பத்தி கிடையாது, யார் பேசுகிறார்கள் என்று சொல்வதும் கிடையாது. 'வாசகன் உழைக்க வேண்டும்' என்று மேடை கிடைத்த இடமெல்லாம் முழங்கினேன். வாசகனுக்கு வேறு வேலை இருந்தது. என் மனைவி எட்டு மாதமாக ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறாள். "நல்லாத்தாங்க இருக்கு. படுத்த உடனே தூக்கம் வந்துருது" என்கிறாள். மச்சினன் அதைக் கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் வைத்திருக்கிறான், உயரம் கச்சிதமாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நான் மட்டும் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: 287ஆம் பக்கத்தில் ஒரு வரி அடுத்தடுத்து இரண்டு முறை அச்சாகியிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. நாவல் ஏன் போணியாகவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! வரிந்துகட்டிக்கொண்டு பதிப்பகத்துக்குக் கிளம்பினேன்.

கொம்பக்கா தலை நிமிரவில்லை. "உங்க புக்குலயா? இருக்காது சார். காதல் கதை, துப்பறியும் கதைன்னாத்தான் எனக்குப் பயம். உங்கள மாதிரி ஆளுங்க எழுதுறது நிம்மதி. உங்களுத மொதப் பக்கத்துலேர்ந்தே படிச்சேன்னா பாத்துக்குங்க. இழுக்கும்ங்கற பேச்சுக்கே எடமில்ல."

அடுத்த மேசையில் பக்கம் வடிவமைக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முழுசாவா படிச்சீங்க?" என்று கேட்டேன். என் நாவலுக்கு முழு வாசகர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி எனக்கே புதிது.

"பின்ன? எழுத்து எழுத்தா."

"எப்படி இருந்துச்சு?"

"நடுவுல எங்கயாச்சும் மூச்சு விட்டிருக்கலாம் சார்."

மூக்குடைந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். மகளைப் பறிகொடுத்த ஒரு அப்பா, அவளுடைய அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு தைப்பவரிடம் போய் நிற்கும் இடம். 'நாளைக்குப் புள்ளைக்கு ஸ்கூல் இருக்கு, சீக்கிரம் தைச்சுக் குடுங்க' என்கிறார். அந்த வரிதான் இரண்டு முறை.

கொம்பக்கா பார்த்தார். ஸ்கேலை எடுத்து அந்த வரிக்குக் கீழே வைத்தார். "ஆமா, ரெண்டு தடவ வந்திருக்கு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "இந்த எடத்துல நான் தப்புப் பாக்கல சார்."

"பின்ன என்ன பண்ணீங்க?"

"கதையப் படிச்சுட்டேன்."

சண்டைக்கு வந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இப்படிப்பட்ட நாவல்களைப் படிக்கத்தான் வேண்டுமா என்று இனி யாராவது கேட்டால் இந்த ஒரு பக்கத்தைக் காட்டி 'ஆமாம்' என்பேன். மீதி நானூற்றுப் பதினொன்றை எழுதியவன் நான்தான் என்பதை மறுக்கவும் முடியாது.

"மொதலாளிகிட்ட சொல்லப் போறீங்களா?"

"சேச்சே, இல்லக்கா."

பக்கத்து மேசைப் பெண் கழுத்தை நீட்டினாள். "என்னக்கா, தப்பு விட்டுட்டீங்களா?"

"ஒண்ணுமில்ல, நீ ஒன் வேலையப் பாரு" என்று அதட்டிய கொம்பக்கா, உள்ளங்கையை அகல விரித்து அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டார்.